கூப்பிடாத பூணூல்களுக்குப் போகிறவள்

கூப்பிடாத பூணூல் கல்யாணங்களுக்குப் போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. நாங்கள் இருக்கிற இந்த மலையாள ஊரில், வலியசாலையிலோ கோட்டைக்குள்ளோ, எந்த மண்டப வாசலில் வாழைமரம் கட்டியிருந்தாலும் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவேன். நாகர்கோவில், திருநெல்வேலி என்றால் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போவேன். உள்ளே நுழைந்து, சந்தனம் எடுத்துக்கொண்டு, ஏதோ பெரியம்மா பெண் மாதிரி முன் வரிசையில் உட்கார்ந்துவிடுவேன். பூணூல் பையனைச் சட்டையைக் கழற்றி மணையில் உட்கார வைப்பார்கள் அல்லவா, அதுவரைக்கும்தான் எனக்கு வேலை. அவன் முதுகைப் பார்த்தாகிவிட்டால் நான் எழுந்து வந்துவிடலாம்.

ஆனால் லேசில் வர விட்டால்தானே. "சாப்பிடாம போகப்படாது" என்று எவளாவது ஒருத்தி கையைப் பிடித்துக்கொள்வாள். வேண்டாம் என்று ரொம்பவும் மறுத்தால், நீங்கள் பிள்ளை வீட்டில் யாருக்கு என்ன உறவு என்று கேட்பார்கள். அதற்குப் பயந்துகொண்டு பந்தியில் உட்கார்ந்துவிடுவேன். அப்படி ஒரு நாள் வலியசாலையில் எனக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"இவ எல்லா எடத்துக்கும் வரா, பாத்தேளோ? எந்த ஆத்து மனுஷின்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல்லை."

"சாப்பாட்டுக்காக இருக்கும், பின்னே என்ன. பாவம், ஆத்துல என்ன கஷ்டமோ!"

நான் அரசு ஆபீசில் ஒரு செக்ஷனுக்கே தலைமை. என் கையெழுத்துக்குக் காத்துக்கொண்டு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு அந்த இலையில் வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

என் பிள்ளை இருந்தால் அவனுக்கு இப்போது பூணூல் போடும் வயது. ஆசாரமான வீடுகளில் ஏழு வயதிலேயே போட்டுவிடுவார்கள். அவன் முதுகில் இடது தோள்பட்டைக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்குக் கருஞ்சிவப்பாக ஒரு மச்சம் உண்டு. முகம் மாறியிருக்கும், மச்சம் மாறாது. கைக்குழந்தையாக இருந்தபோது காணாமல் போனவன் அவன். கேஸ் இன்னும் முடியவில்லை என்றுதான் ஸ்டேஷனில் சொல்கிறார்கள். யாரும் தேடவில்லை என்பதைச் சொல்ல அவர்களுக்கு அது ஒரு வழி.

எங்கள் ஜாதிக்காரர்களின் பூணூலில் போய் ஏன் தேடுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். என் கணவரே கேட்கிறார். அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்த கூத்து முழுவதையும் சொல்லியாக வேண்டும்.

அவனுக்கு முன்னால் எனக்கு இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. ஒன்று வயிற்றிலேயே போயிற்று. இன்னொன்று பிறந்து, நான் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் போயிற்று. மூன்றாவதாக இவன் நன்றாகப் பிறந்தான், நன்றாகக் குடித்தான், ஊரையே கூட்டுகிற மாதிரி அழுதான். அவனைப் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து என் நாத்தனார் வந்தாள். வந்த அன்றைக்கே, "இவனைத் தவிட்டுக்குக் குடுத்து வாங்கிடலாம்டி. நம்மாத்துல வழக்கம்தானே" என்றாள்.

சின்ன வயதில் "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்லி எல்லா வீட்டிலும் பிள்ளைகளை அழவைப்பார்களே, அந்தத் தவிடுதான். மற்றவர்களுக்கு அது கேலிப்பேச்சு. பிள்ளை தங்காத வீட்டில் நிஜமாகவே செய்வார்கள். குழந்தையை முறத்தில் கிடத்தி, பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கிற வேறு ஒரு பெண்ணிடம், இது எங்களுக்கு வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்று கொல்லை வழியாகக் கொடுத்துவிடுவார்கள். அவள் தெருவைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, பிள்ளை வேண்டுமா என்று கூவுவாள். பெற்றவள் ஒரு படி தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்வாள். அந்த வீட்டுப் பிள்ளையைத் தேடி வருகிற யமன், இது விலைக்கு வாங்கின பிள்ளை என்று ஏமாந்து போய்விடுவானாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவளுக்கு எதைச் செய்யாமல் விடத் தைரியம் வரும்? சரி என்றேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். யாருக்கும் தெரியக்கூடாது.

முறைப்படி செய்தால் தெருவே வாசலில் நிற்கும். ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் பார்த்துக்கொண்டு நிற்க, முறத்தோடு அவள் நடந்து வருவாள். எங்கள் எதிர்வீட்டில் அப்போது என்னோடு வேலை பார்த்த ஒரு மலையாளிப் பெண் குடியிருந்தாள். அவள் தன் குழந்தை இடுப்பில் மந்திரித்த கயிறு கட்டியதற்கு, ஆபீசில் எல்லோர் முன்னாலும் அவளை நான் பிடி பிடியென்று பிடித்திருந்தேன். இந்தக் காலத்தில் இப்படியா, படித்தவள்தானா நீ என்றெல்லாம் பேசியிருந்தேன். என்ன பெரிய படிப்பு! அவள் கண்ணில் மட்டும் இது பட்டுவிடக் கூடாது என்பதே எனக்குப் பெரிய கவலையாகப் போயிற்று.

அதனால் நான் சடங்கைத் திருத்தினேன். தெரு சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் மத்தியான நேரம். கொல்லையிலிருந்து ஆற்றுப் பக்கம் போகும் சந்து. முறத்தை வாங்கிக்கொள்கிறவள் சந்து முனை வரைக்கும் நடந்தால் போதும். அங்கே நாத்தனார் நின்று, குழந்தையை வாங்கித் தன் புடவைக்குள் அணைத்துக்கொண்டு வாசல் வழியாக வந்துவிட வேண்டும். எதிர்வீட்டுக்காரி பார்த்தால் அத்தை குழந்தையைக் காற்றாட எடுத்துப் போய்விட்டு வருகிறாள் என்று நினைத்துக்கொள்வாள். தவிட்டை உள்ளே கூடத்தில் வைத்துக் கொடுத்துக்கொள்ளலாம். சாஸ்திரத்தில் எங்கேயும் இல்லாத இந்தக் கைமாற்றம் முழுக்க என்னுடைய யோசனை. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

முறத்தை வாங்க நாங்கள் கூப்பிட்டது தெருமுனைக் கோயில் வாசலில் பூ விற்கும் பூக்காரம்மாவை. தென்காசிப் பக்கத்துக்காரி, இங்கே வந்து வெகுகாலம் ஆயிற்று. வாயில் எப்போதும் வெற்றிலை, நாக்கில் எப்போதும் சண்டை. முழம் அளக்கும்போது கையைச் சுருக்குவாள், கேட்டால் நம்மையே திட்டுவாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் திடமாக இருந்தன. அதனால்தான் அவள். நான் அவளைக் கொல்லைக் கதவருகே நிறுத்திச் சொன்னேன்.

"சந்து முனையில எங்காத்து மாமி ஒருத்தர் நிப்பா. கொழந்தையை அவர் கையில குடுத்துட்டு வந்துடு. நடுவுல யாராவது கேட்டா வாயத் திறக்கப்படாது, கேட்டியா?"

"நான் என்னத்துக்கும்மா வாயத் திறக்கேன்" என்றாள். நாத்தனார் முகத்தை அவள் பார்த்தது கிடையாது. முந்தின நாள்தான் வந்தவளை எப்படிப் பார்த்திருப்பாள்? காட்டி வைக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

முறத்தில் பழைய வேட்டியை மடித்துப் போட்டுக் குழந்தையைக் கிடத்தினேன். அவன் விழித்துக்கொண்டுதான் இருந்தான். "இந்தப் பிள்ளை எங்களுக்கு வேண்டாம். எடுத்துண்டு போ" என்று மூன்று தரம் சொன்னேன். கொடுத்தவள் திரும்பிப் பார்க்காமல் கதவைச் சாத்திவிட வேண்டும் என்பது முறை. எதை எதையோ திருத்தினவள் அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்குப் போனேன்.

கூடத்தில் நாத்தனார் இன்னும் உட்கார்ந்து தவிடு சலித்துக்கொண்டிருந்தாள். மாட்டுத் தீவனக் கடையில் வாங்கின தவிட்டில் சணலும் தூசியுமாக இருந்ததாம், பிள்ளைக்குக் கொடுக்கிற தவிடு சுத்தமாக இருக்க வேண்டாமா என்றாள். "ஐயோ, இன்னும் கிளம்பலையா நீங்க?" என்று கத்தினேன். "இதோ ஆச்சு, என்ன பறக்கறே" என்று கையைத் தட்டிவிட்டுக்கொண்டு வாசல் வழியாக ஓடினாள்.

சிறிது நேரத்தில் கொல்லைக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பூக்காரம்மா வெறும் முறத்தை நீட்டினாள்.

"குடுத்தாச்சும்மா."

அதே சமயத்தில் வாசல் பக்கமிருந்து நாத்தனார் மூச்சு வாங்க வந்தாள். "எங்கேடி அவ? நான் நின்னு நின்னு பாத்துட்டு வரேன், சந்துல ஒரு ஈ காக்கா இல்லை."

பூக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இவங்க இல்லம்மா. இவங்ககிட்ட நான் குடுக்கலையே" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குக் கோர்வையாக நினைவில்லை. சந்தில் ஓடினேன், படித்துறைக்கு ஓடினேன், ஆற்றைப் பார்த்துக் கத்தினேன். எதிர்வீட்டுக்காரிதான் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். யாருக்குத் தெரியக் கூடாது என்று இவ்வளவும் செய்தேனோ, அவள் தோளில்தான் அன்றைக்கு என் தலை கிடந்தது.

தெருவே எங்கள் கூடத்தில் கூடிவிட்டது. பூக்காரம்மா எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"ஒரு மாமிதான் வாங்கிட்டுப் போனாங்க. மடிசார் கெட்டியிருந்தாங்க, ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருந்தாங்க. 'கொண்டா இப்படி, நாழியாயிடுத்து'ன்னு நம்ம அம்மா பேசுத மாதிரியேதான் பேசுனாங்க. உங்க வீட்டு மாமின்னு நினைச்சுத்தானே குடுத்தேன். பின்ன நான் வேற என்னத்தக் கண்டேன்?"

 மடிசாரும் மூக்குத்தியும் எங்கள் பாஷையும் என்றால் அது வேறு யார்? எங்களில் ஒருத்தி. வந்த அந்த ஒரு நாளிலேயே நாத்தனார் நல்ல நேரம் பார்க்க யார் யாரிடம் வாயை விட்டாளோ, அது எத்தனை அடுக்களை தாண்டிப் போயிற்றோ, அவளுக்கே தெரியவில்லை. பிள்ளை இல்லாத யாரோ ஒருத்தி கேட்டுவிட்டு வந்து நின்றிருக்கிறாள். விற்கிறதற்காகக் கொண்டுபோனவள் மடி கட்டிக்கொண்டு வரமாட்டாள். வளர்க்கத்தான் கொண்டுபோயிருக்கிறாள். வளர்த்தால் பூணூல் போடாமல் இருப்பாளா? அதனால்தான் நான் மண்டபம் மண்டபமாகப் போகிறேன்.

ஆனால் அன்றைக்கு அந்தக் கூடத்தில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பூக்காரம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, தெருவின் பெரிய மனிதர்கள் இரண்டு பேர் என் கணவரோடு பேசினார்கள்.

"போலீஸ்கிட்ட மாமி கீமின்னு ஆரம்பிச்சேள்னா ஒவ்வொரு ஆத்துக்குள்ளயும் பூந்து சோதிப்பான். நம்மாத்துப் பொம்மனாட்டிகளை வரிசையா நிறுத்தி இவளா அவளான்னு கேப்பான். வேணுமா அது?" என்றார் ஒருவர்.

மற்றவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "தவிட்டுக்குக் குடுத்தேன்னு சொல்லிடாதேம்மா. கொழந்தையை வித்தாள்னு பேப்பர்ல போடுவான். உன் உத்தியோகம் என்னாகும்?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கடைசியில் போலீசிடம் சொன்னது இதுதான். கொல்லையில் பூக்காரி பூ கொண்டுவந்தாள், குழந்தையைக் கொஞ்ச வாங்கினாள், நான் உள்ளே போய்விட்டு வருவதற்குள் குழந்தை இல்லை. அவர் சொன்னார், நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன். சின்ன வயது போலீஸ்காரர் ஒருவர் எங்களிடம் ஆறுதலாக, "இதொக்கெ பாண்டிகளாணு சார், கூட்டமாயிட்டு வருந்நதா" என்றார். எல்லாம் இந்தத் தமிழ்நாட்டுக் கும்பல்கள் செய்கிற வேலை என்று அர்த்தம். வீட்டுக்குள் தமிழைத் தவிர வேறு பேசாத நாங்கள் அத்தனை பேரும், பாண்டி என்றால் யாரோ போல, ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டு நின்றோம். சீ, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஸ்டேஷனில் பூக்காரம்மாவைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். பூக்கூடையைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"அம்மா, நீங்களே சொல்லுங்கம்மா. நீங்கதானே மாமி நிப்பாங்கன்னு சொன்னிய? இவங்களுக்கு நான் பேசுதது விளங்க மாட்டேங்கு. எடுத்துச் சொல்லுங்கம்மா."

அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. இன்ஸ்பெக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளையைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் எனக்கு ஒரு கை தூரத்தில் நின்று மன்றாடிக்கொண்டிருந்தாள். எனக்கோ பேப்பரில் பேர் வந்துவிடுமே என்ற பயம்.

பால் கட்டி, மார்பு கல்லாகி, காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்ட பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அவன் குடிக்க வேண்டிய பால் ரவிக்கையெல்லாம் நனைத்துக்கொண்டிருக்க, ஆட்டோ பிடித்துத் தனியாக ஸ்டேஷனுக்குப் போய், தவிடு, முறம், மாமி எல்லாவற்றையும் கொட்டினேன். இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். "மேடம், இது அந்நே பறயாமாயிருந்நில்லே?" என்றார். அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்கிறார். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்குள் எத்தனை ரயில் போயிருக்கும், எத்தனை பஸ் போயிருக்கும்! பூக்காரம்மாவை விட்டுவிட்டார்கள். எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பேருக்கு விசாரித்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார்கள். பொய் சொன்ன வீட்டுக்காரர்கள் பிறகு சொன்ன உண்மையை யார் நம்புவார்கள்?

வெளியே வந்த பூக்காரம்மாவிடம் தெருவில் ஒருத்தரும் பூ வாங்கவில்லை. பிள்ளை பிடிக்கிறவள் என்று பேர் ஆகிவிட்டது. கோயில் வாசலை விட்டுப் பாலத்துப் பக்கம் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தாள். ஆபீஸ் பஸ் அந்த வழியாகத்தான் போகும். வருஷக்கணக்காக, பஸ் அங்கே நிற்கும்போதெல்லாம் நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

பூணூல்களுக்குப் போக ஆரம்பித்த பிறகு எனக்கு ஒன்று புரிந்தது. பையனின் முதுகை நான் பார்க்கலாம். ஆனால் கூட்டத்துக்கு எவ்வளவோ பையன்கள் சட்டை போட்டுக்கொண்டும் வருகிறார்கள். அந்த மாமியின் முகத்தைப் பார்த்தவள் உலகத்தில் ஒருத்திதான். ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கிப் போய் அவள் முன்னால் நின்றேன். பூவைத் தொடுத்துக்கொண்டே நிமிராமல் கேட்டாள்.

"இப்பதான் கண்ணு தெரியுதோ?"

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவ்வளவுதான், கையிலிருந்த நாரை வீசி எறிந்தாள். பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். "வெக்கமா இல்லையா உங்களுக்கு? எம்புள்ளைய பள்ளிக்கூடத்துல களவாணி மவன்னு சொல்லி அடிச்சானுவோ, தெரியுமா? உங்க புள்ள தொலைஞ்சதுக்கு எம்புள்ள ஏன் அடி வாங்கணும்? படிச்சவியளாம் படிச்சவிய! த்தூ!" வெற்றிலை எச்சில் என் காலடியில் விழுந்தது. நான் நகரவில்லை. நகர எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

திட்டி ஓய்ந்த பிறகு, கீழே விழுந்த நாரை எடுத்துக்கொண்டு வேறு குரலில் சொன்னாள். "வாரேன். உங்களுக்காக இல்ல. அந்தப் பொம்பளைய ஒருக்கப் பாத்துரணும் எனக்கு. கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, உங்க தெருவுல நடுவுல நிறுத்தி, இந்தா பாருங்க, இவதான், நானில்லன்னு சொல்லணும். அதுக்குத்தான் வாரேன்."

முதலில் சில மண்டபங்களில் அவள் வாசலோடு நின்றாள். பெண்கள் காரிலிருந்து இறங்கி விறுவிறுவென்று உள்ளே போய்விடுவார்கள், சரியாகப் பார்க்க முடியவில்லை. உள்ளே உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தால்தான் ஆகும் என்றாள். நியாயம்தான்.

போன மாதம் என் மேலதிகாரியின் மகனுக்குப் பூணூல். இதற்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கோட்டைக்குள் பெரிய மண்டபம். தஞ்சாவூர், திருநெல்வேலி, பம்பாய் என்று எல்லா இடத்திலிருந்தும் அவர்கள் உறவுக்காரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தது. இவ்வளவு மாமிகள் ஒரே கூரைக்குக் கீழே இனிமேல் எப்போது கிடைப்பார்கள்? பூக்காரம்மாவை வரச் சொன்னேன். தலைக்குக் குளித்து, நீலப் பட்டு மாதிரி ஒரு புடவை கட்டி, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்திருந்தாள். "நல்லாருக்காம்மா?" என்று வாசலில் வைத்துக் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். கூடவே அழைத்துப் போய் என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டேன்.

அதிகாரியின் பையனின் முதுகில் ஒன்றும் இல்லை. அது எனக்கு முன்பே தெரியும், அவன் பிறந்தபோது ஆபீசில் லட்டு கொடுத்தார்கள். நான் மற்றப் பையன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூக்காரம்மா பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தை நீட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, யாரையோ உற்றுப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரமாக அசையாமல் இருந்தாள். அந்தச் சமயத்தில் அதிகாரியின் மனைவி வந்தவர்களை விசாரித்துக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு பக்கத்தில் பார்த்தாள்.

"வாங்கோ, வாங்கோ. இது யாரு?"

பின்னால் என் ஆபீஸ் முழுவதும் உட்கார்ந்திருந்தது. என்கூட வந்திருக்கிறாள் என்று சொன்னால் போதும். இரண்டே இரண்டு சொல்.

"பூ குடுக்க வந்தா, மாமி" என்றேன்.

"பூவெல்லாம் காலம்பறயே வந்தாச்சே? சரி, பரவாயில்லை. பின்பக்கமா உக்காரச் சொல்லுங்கோ. பந்தி முடிஞ்சதும் அவளுக்கும் எல போடச் சொல்றேன்."

பூக்காரம்மா எழுந்துவிட்டாள். என்னைப் பார்க்கவேயில்லை. நாற்காலிகளுக்கு நடுவே புடவையை ஒடுக்கிக்கொண்டு நடந்து, வாசல் வழியாக வெளியே போனாள். அதிகாரியின் மனைவி அடுத்த வரிசைக்கு நகரும்வரை நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் ஓடினேன். மண்டபத்துக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள்.

"தப்புதான். என்னை செருப்பால அடி. உள்ள வா, நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்" என்றேன்.

"ஒருத்தங்களப் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள் அவள். "தூணுக்கு அங்கிட்டு இருந்தாங்க. பக்கவாட்டுலதான் தெரிஞ்சிது. இந்தப் பக்கம் ஒருக்கத் திரும்புனாங்கன்னா ஆமா இல்லன்னு சொல்லிப்போடலாம்னு காத்துக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள என்ன எந்திரிக்க வச்சிட்டிய."

நான் அவள் முன்னால் போய் நின்றேன். "யாரு? என்ன புடவை?"

"அரக்குக் கலரு."

கையைப் பிடித்து இழுத்தேன். வா, இப்பவே வா என்று கெஞ்சினேன். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"என்னன்னு வரட்டும்? பூ குடுக்க வந்தவ பந்திக்குள்ள போயி ஒவ்வொரு மாமி மூஞ்சியாப் பாக்க விட்டுருவாங்களா? கள்ளின்னு மறுபடி பிடிச்சுக் குடுப்பாங்க. அன்னைக்கும் நீங்க தலையக் குனிஞ்சிக்கிட்டுதான் நிப்பிய. எனக்கு மூணு புள்ளைய இருக்கும்மா. நான் வரல."

பஸ் வந்தது, ஏறிவிட்டாள். நான் மண்டபத்துக்குத் திரும்பி ஓடினேன். முதல் பந்தி ஆரம்பித்திருந்தது. அரக்குப் புடவை கட்டினவர்கள் அந்தக் கூடத்தில் எத்தனையோ பேர். கல்யாணம் கார்த்தி என்றால் எங்கள் பெண்கள் பாதிப் பேர் கட்டுவது அரக்குத்தான். இலை வரிசைகளுக்கு நடுவில் நடந்து, ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்தேன். பார்த்து என்ன? அந்த முகத்தை நான் கண்டதே இல்லையே.

"யாரையாவது தேடறேளா?" என்று பரிமாறுகிற இடத்திலிருந்து அதிகாரியின் மனைவி குரல் கொடுத்தாள். பந்தியில் நாலைந்து பேர் நிமிர்ந்தார்கள்.

"இல்லை மாமி, எடம் இருக்கான்னு பாத்தேன்" என்றேன்.

"இதோ இருக்கே" என்று தோளைத் தொட்டு ஓர் இலை முன்னால் உட்கார வைத்துவிட்டுப் போனாள். பக்கத்து இலையில் அரக்குப் புடவையில் ஒரு மாமி உட்கார்ந்திருந்தாள். மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி இருந்தது. அந்த வரிசையில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருந்தது. எனக்குச் சாதம் போட்டதும், எல்லா மாமிகளும் கேட்பது போல என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"உங்களுக்குக் கொழந்தேள் எத்தனை?"

ஆபீஸ்காரர்கள் எதிர்வரிசையில் இருந்தார்கள்.

"இல்லை மாமி" என்றேன்.